தீர்மானம் போடும் முன் மூலப்பத்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: தென்னிந்தியத் திருச்சபையின் ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில்) கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். புதிதாக வந்த ஆயர் (போதகர்), குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களை மீண்டும் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்கிறார். காணிக்கை கொடுத்தால் செல்வம் பெருகும் என்று பிரசங்கிக்கிறார். பேராயரிடம் சொல்லியும் பலனில்லை. பேராயத்தை (பேராயரின் நிர்வாகப் பகுதியை) விட்டுப் பிரிந்து, எங்கள் முன்னோர் கட்டிய ஆலயத்தைத் தனிச்சபையாக நடத்தத் தீர்மானம் நிறைவேற்றலாமா?

பதில்: உங்கள் வேதனை உண்மையானது, ஆனால் வழக்கு அதன் மேல் நிற்காது. ஆலயமும் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன என்பது ஒன்றே இங்கே கேள்வி. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் பெரும்பாலும், கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அதன் அறக்கட்டளைச் சங்கத்தின் பெயரில் உள்ளன. முன்னோர் கல் சுமந்தது போற்றத்தக்க வரலாறு, ஆனால் அது உரிமை மூலம் ஆகாது. மூலப்பத்திரத்தில் ‘இன்ன கோட்பாட்டைப் பின்பற்றும் சபைக்கு மட்டும்’ என்ற நிபந்தனை இருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது பேச்சே வேறு.

ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபை வழக்கை உங்களிடம் யாராவது எடுத்துச் சொல்லக்கூடும். பெரும்பான்மையினர் மூலக் கோட்பாட்டிலிருந்து விலகினர் என்று கூறி, 1904 இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை சொத்துகளைச் சிறுபான்மையினருக்கே கொடுத்தது உண்மைதான். மறு ஆண்டே நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அவற்றைப் பங்கிட வேண்டியதாயிற்று. மேலும், பல மரபுகள் இணைந்து உருவான உங்கள் திருச்சபை, விசுவாசப் பிரமாணங்களுக்குப் பொருள் கொள்வதில் நியாயமான சுதந்திரத்தை இணைப்பின் அடிப்படையிலேயே ஏற்றுக்கொண்டது. அந்த எல்லையை ஆயர் மீறினாரா என்பதைத் திருச்சபையின் ஒழுங்கு அமைப்புகள்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நான் அஞ்சுவது உங்கள் தீர்மானத்தைப் பற்றித்தான். இப்படி வழக்குக்காக என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பெரும்பாலும் ஆயரிடம் தோற்பதில்லை, தங்கள் மினிட்ஸ் புத்தகத்திடம்தான் தோற்கிறார்கள். ‘நாங்கள் பேராயத்திலிருந்து விலகுகிறோம்’ என்று கையெழுத்திட்ட மறுநாளே, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92 ஆம் பிரிவின்கீழ் (பொது அறக்கட்டளைகள் பற்றியது) வழக்குத் தொடுக்கத் தேவையான ‘அக்கறை உடையவர்’ என்ற தகுதியே உங்களுக்கு இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்; உங்கள் தீர்மானத்தையே அதற்குச் சான்றாவணமாகத் தாக்கல் செய்யும். தீர்மானத்தால் சொத்து கைமாறாது என்பதற்குக் குஜராத்தின் பிரதரன் சபை தொடர்பான 2013 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு போதும். வட இந்தியத் திருச்சபையோடு இணைவதாக 1970 இல் போட்ட தீர்மானம் மட்டுமே சொத்தை மாற்றிவிடாது என்று அது கூறியது.

அடுத்த தவறு, காணிக்கையைப் புதிய வங்கிக் கணக்கில் போடுவது. பாரதிய நியாய சன்ஹிதா 316 ஆம் பிரிவின்கீழ் நம்பிக்கை மோசடிப் புகார் வந்தால், உண்டியலை எண்ணிய மூப்பர்கள் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியிருக்கும். ஆலயக் கதவைப் பூட்டினால், ஆராதனைக்கு இடையூறு செய்ததாக 300 ஆம் பிரிவும் சேரும். மோதல் முற்றினால் கோட்டாட்சியர் தலையிடுவார். இரு தரப்பும் வெளியே நிற்க, ஆலயத்துக்கு முத்திரை விழக்கூடும். பிரிந்துபோன ஒரு சபையில் இறந்துபோன பெரியவரை, அவர் மனைவி அடக்கமான அதே கல்லறைத் தோட்டத்தில் வைக்க அனுமதி கேட்டு, சடலத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் என் அலுவலகத்துக்கு அலைந்தார்கள். இந்த நிலை உங்கள் சேகரத்துக்கு வர வேண்டாம்.

ஆகவே, சமரசம் பேசுங்கள். உறுப்பினர்களாகவே இருந்துகொண்டு, நாள், பிரசங்கப் பொருள், சாட்சிகள் ஆகியவற்றோடு பேராயருக்கு எழுத்துப்பூர்வமான முறையீடு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆயர் தாம் தவறியதாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், அது கிடைக்காது. ஆராதனை முறைமைப்படி ஞாயிறு முதல் ஆராதனை, சேகரத்தின் பெயரில் மறு ஞானஸ்நானம் இல்லை என்ற உறுதி, அடுத்த இடமாற்றப் பட்டியலில் ஆயரின் பெயர் ஆகிய மூன்றையும் கேளுங்கள். இரண்டு கிடைத்தாலும் எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள். தீர்மான வரைவு இன்னும் மினிட்ஸில் ஏறவில்லையென்றால், ஏற்றாதீர்கள். ஏறியிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே அதை ரத்து செய்து, ரத்து செய்த நகலைப் பேராய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.