அசைன்மென்ட் கேள்விக்கு ஆன்லைனில் உதவி கேட்கலாமா?

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கிரெடிட்டுக்காக என்பிடெல்லில் (ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம்) 12 வாரப் பாடம் ஒன்று எடுத்திருக்கிறேன். வகுப்பு டெலிகிராம் குழுவில் ஒவ்வொரு வாரமும் கெடு முடியும் முன்பே எல்லாக் கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. அதைப் பார்த்து எழுதுவது தப்பு என்று தெரிகிறது. ஆனால் புரியாத ஒரு கணக்கை யாரிடமாவது கேட்பதும் தப்பா? கேட்காமல் இருந்தால் மதிப்பெண்ணில் பின்தங்கிவிடுவேனோ?
(மாணவி, கோவை)

பதில்: கேட்பது தப்பில்லை. என்ன கேட்கிறீர்கள், எப்போது கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குமுன் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுவோம். விடை தேடி ஓடுபவர்களில் பலர் மதிப்பெண் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரியை மட்டும் எடுத்து 25 மதிப்பெண்ணுக்கு மாற்றுகிறார்கள். நான்கு வாரம் கோட்டைவிட்டாலும் நஷ்டமில்லை. மிச்சம் 75 மதிப்பெண், மையத்துக்கு நேரில் போய்க் கண்காணிப்பில் எழுதும் தேர்வுக்கு. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். (நிரல் எழுதும் பாடங்களில் கணக்கு கொஞ்சம் மாறும், உங்கள் பாடத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

குழுவில் வந்ததை அப்படியே போட்டு 25-க்கு 25 வாங்கியவர் தேர்வில் 29 எடுத்தால் மொத்தம் 54. ஆனாலும் சான்றிதழ் கிடையாது. சொந்தமாகப் போட்டு அசைன்மென்ட்டில் 15 வாங்கியவர் தேர்வில் 48 எடுத்தால் மொத்தம் 63, அறுபதைத் தொட்டவர்களுக்குத் தரும் ‘எலைட்’ சான்றிதழே கைக்கு வரும். நேர்மையாகப் போட்டால் நீங்கள் இழக்கக்கூடியது அதிகம் போனால் ஒரு பத்து மதிப்பெண். வாரா வாரம் காப்பியடித்தவர் தேர்வறையில் இழப்பது அதைவிடப் பெரிது. 12 வாரமும் தனக்கு எது தெரியாது என்பதே தெரியாமல் அவர் அங்கே போய் உட்காருகிறார்.

இப்போது எல்லைக்கு வருவோம். கெடு முடியாத, மதிப்பெண் உள்ள கேள்வியை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு “இதுக்கு ஆன்ஸர் என்ன?” என்று கேட்பது காப்பிதான். பதில் சொல்பவர் நண்பரா, முகம் தெரியாதவரா, ஏஐ சாட்பாட்டா என்பதால் எதுவும் மாறாது. அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் பாடத்தைக் கேட்பது படிப்பு.

ஒரு நிகழ்தகவுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையில் முதல் இயந்திரம் 60 சதவீதப் பொருட்களையும் இரண்டாவது 40 சதவீதத்தையும் செய்கின்றன. பழுது முறையே 2 சதவீதம், 5 சதவீதம். எடுத்த பொருள் பழுது என்றால், அது இரண்டாவது இயந்திரத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? நீங்கள் 0.40 × 0.05 = 0.02 என்று போட்டுவிட்டு, கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் எதோடும் அது பொருந்தாமல் முழிக்கிறீர்கள் என்று வையுங்கள்.

குழுவில் கேள்வியைப் போட்டால் ‘0.625’ என்று ஓர் எண் வரும். அதோடு கதை முடிந்தது. அதற்குப் பதிலாக எண்களை மாற்றி, 70-30 என்றும், பழுது 1, 4 சதவீதம் என்றும் வைத்துக்கொண்டு இப்படிக் கேளுங்கள்: “0.30 × 0.04 = 0.012 வரை போட்டுவிட்டேன். இது ‘இரண்டாவது இயந்திரம், அதோடு பழுது’ என்பதன் வாய்ப்பு என்று புரிகிறது. ‘பழுது என்று தெரிந்த பிறகு’ என்பதற்கு இதை எதால் வகுக்க வேண்டும், ஏன்?” மொத்தப் பழுதான 0.007 + 0.012 = 0.019-ஆல் வகுக்க வேண்டும் என்று பதில் வரும். விடை ஏறக்குறைய 0.63. அதே வழியில் உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்: 0.02-ஐ 0.032-ஆல் வகுத்தால் 0.625. யாரும் உங்களுக்கு விடை சொல்லவில்லை. தேர்வில் எண் மாறி வந்தாலும் கை நிற்காது.

எண்ணை மாற்றினால் போதும், எல்லாம் நியாயமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் எதுவரை போட்டீர்கள், எங்கே மாட்டினீர்கள் என்று சொல்ல முடியாவிட்டால் இன்னும் கேட்கும் கட்டத்துக்கே வரவில்லை. வீடியோவுக்குத் திரும்பிப் போங்கள். ஏஐ-யிடம் கேட்டாலும் இதே கதைதான். “விடையைச் சொல்லாதே, என் இரண்டாவது வரியில் என்ன பிழை என்று மட்டும் சொல்” என்று முதலிலேயே கட்டிப்போடுங்கள். அப்படியும் சில சமயம் முழு விடையையும் கொட்டிவிடும், அதுவும் தப்பாக.

தப்பு என்றதும் சொல்ல வேண்டியது: குழுக்களில் சுற்றும் விடைகள் பல நேரம் பழைய செமஸ்டருடையவை. கேள்வியில் ஓர் எண்ணோ ‘சரியானது எது’ என்பதற்குப் பதில் ‘தவறானது எது’ என்பதோ மாறியிருக்கும், கவனிக்க ஆளிருக்காது. ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்விகளில் ஒருவர் விட்டதை எல்லோரும் சேர்ந்து விடுவார்கள்.

இன்னொன்று. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாக ஒரு செமஸ்டரில் 40 சதவீதப் பாடங்கள் வரை கிரெடிட் எடுக்க இடம் கொடுக்கிறது. அந்த மதிப்பெண் உங்கள் சிஜிபிஏ-வில் (பட்டப்படிப்பின் ஒட்டுமொத்தச் சராசரி) ஏறினால், அதே வகுப்பில் சொந்தமாகப் போட்டவர்களோடு ஒப்பிடப்படும். காப்பியால் அடிபடுவது அவர்களும்தான்.

நேர ஒழுங்கும் உங்களுக்குச் சாதகமானது. கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் சமர்ப்பிக்கலாம். கடைசியாகப் போட்டதே கணக்கு. ஆகவே இரண்டு நாள் முன்பே உங்கள் முயற்சியைப் போட்டுவிட்டு, சந்தேகத்தை முதலில் பாடத்தின் விவாதப் பகுதியில் கேளுங்கள். பாடக்குழுவினர் பார்க்கும் இடம் அது. எவ்வளவு சொல்லலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். கெடு முடிந்து அதிகாரபூர்வ விடை வந்த பிறகு எதை வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும், முழுக் கேள்வியோடு அலசுங்கள். அப்போது எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

கல்லூரியில் ஆசிரியர் வைக்கும், நேரம் ஓடும் ஆன்லைன் குவிஸ் வேறு வகை. அது தேர்வு. அது நடக்கும்போது யாரிடமும் எதுவும், எண்ணை மாற்றியும்கூடக் கேட்கக் கூடாது. ‘ஓப்பன் புக்’ என்றால் புத்தகம் பார்க்கலாம். ஆளைக் கேட்கலாம் என்று அர்த்தமில்லை. சந்தேகமிருந்தால் குவிஸுக்கு முன்பே “சார், இதில் இணையத்தில் தேடலாமா?” என்று கேட்டுவிடுங்கள்.

குழுவை விட்டு வெளியேறத் தேவையில்லை. கெடு முடியும்வரை மியூட்டில் போடுங்கள். யாராவது உங்களிடம் விடை கேட்டால், “நீ எதுவரை போட்டிருக்கிறாய், அனுப்பு” என்று திருப்பிக் கேளுங்கள். அனுப்புபவருக்குப் பிழை இருக்கும் வரியைக் காட்டுங்கள். அனுப்பாதவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.