ஏற்காடு பஸ் ஏன் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது?

பிரவுசரில் ஓடும் விளையாட்டுகளை ஜாவாஸ்கிரிப்டில் செய்ய உதவும் ஃபேசர் கேம் எஞ்சின் பற்றிச் சேலம் பக்கத்து வாசகர்கள் கேட்டவை

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ஓட்டும் விளையாட்டை ஃபேசர் 3-ல் செய்திருக்கிறேன். என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது. தோழியின் புது போனில் பஸ் பறக்கிறது. இரண்டாவது வளைவிலேயே தடுப்புச்சுவருக்குள் புகுந்து போய்விடுகிறது. கோடிங் ஒன்றுதானே?
(கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

பதில்: கோடிங் ஒன்றுதான், திரைதான் வேறு. அப்டேட் ஃபங்ஷனுக்குள் ‘பஸ்.எக்ஸ் += 4’ என்பதுபோல் எழுதியிருப்பீர்கள். அந்த வரி ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு தடவையும், ஒருமுறை ஓடும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 ஃப்ரேம் காட்டும், அதில் நொடிக்கு 240 பிக்சல். 120 ஹெர்ட்ஸ் போனில் 480.

வேகத்தை எப்போதும் நொடிக்கணக்கில் வையுங்கள். அப்டேட் ஃபங்ஷனுக்கு ஃபேசர் டைம், டெல்டா என்று இரண்டு மதிப்புகளைத் தருகிறது. டெல்டா என்பது முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த மில்லிசெகண்டு. ‘பஸ்.எக்ஸ் += 240 * டெல்டா / 1000’ என்று மாற்றினால் எந்தத் திரையிலும் ஒரே வேகம்.

ஆனால் சுவர் பிரச்சினை இதனால் தீராது. எக்ஸ் மதிப்பைக் கையால் மாற்றினால், பஸ் நகர்ந்தது என்பதே ஃபேசரில் மோதலைக் கவனிக்கும் ஆர்கேட் ஃபிசிக்ஸுக்குத் தெரியாது. வேகம் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். நின்ற பொருள் சுவருக்குள் புகுந்திருந்தால் அதை வெளியே தள்ளாமல் விட்டுவிடும். அதனால்தான் சுவரைத் தொட்ட பஸ் நிற்காமல் துளைத்துப் போகிறது. மோதவேண்டிய எதையும் ‘செட்வெலாசிட்டிஎக்ஸ்(240)’ மூலமே ஓட்டுங்கள். அந்த 240 நொடிக்கணக்குதான், டெல்டாவால் மறுபடி பெருக்கவேண்டாம். மேகம், மூடுபனி மாதிரி மோதாத பொருள்களைக் கையால் நகர்த்தலாம்.

எஞ்சின் இல்லாமல், பிரவுசரின் வரைபலகையான வெறும் கேன்வாஸில் எழுதுபவர்களுக்கு ஒன்று: வேறு டேபுக்குப் போய்விட்டுத் திரும்பினால் டெல்டா பல நொடிகளாக இருக்கும், பொருள் ஒரே தாவலில் திரையை விட்டே போய்விடும். 50 மில்லிசெகண்டுக்கு மேல் வந்தால் 50 என்றே வெட்டிவிடுங்கள்.

கேள்வி: மாணவர்களுக்குத் தமிழ்ச் சொல் விளையாட்டு செய்கிறேன். எழுத்தெழுத்தாகத் தோன்றவைத்தால் ‘சேலம்’ என்பதில் முதலில் ‘ச’, பிறகு ‘சே’, அப்புறம் ‘ல’, ‘ம’, கடைசியில் புள்ளி என்று வருகிறது. மேல்விலங்கின் தலையும் வெட்டுப்படுகிறது.
(ஆசிரியர், ஏற்காடு)

பதில்: ஜாவாஸ்கிரிப்ட் கணக்கில் ‘சேலம்’ 5 குறியீடுகள், நம் கண்ணுக்கு 3 எழுத்துகள். ‘ஏற்காடு’ அங்கே 7, நமக்கு 4. கொம்பு, கால், விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனியே சேமிக்கப்படுவதால் வரும் வித்தியாசம் இது. சொல்லைக் குறியீடு குறியீடாக வெட்டும் ‘ஸ்ப்ளிட்’ பயன்படுத்தவே வேண்டாம். பிரவுசரிலேயே இருக்கும் ‘இன்டில்.செக்மென்டர்’ சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அதில் கிரானுலாரிட்டி என்ற இடத்தில் கிராஃபீம் என்று கொடுங்கள். ஒரு குறை: ‘க்ஷ’வை அது ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாக்கும். பிரித்த பட்டியலில் ‘க்’குப் பின் ‘ஷ’வில் தொடங்கும் எழுத்து வந்தால் நீங்களே சேர்த்துவிடுங்கள். மதிப்பெண் கொடுக்கும் விளையாட்டில் எழுத்து எண்ணிக்கை தப்பாகக்கூடாது. குழந்தை சரியாகச் சொல்லியும் தவறு என்று காட்டினால் அதைவிட அநியாயம் வேறில்லை.

தலை வெட்டுப்படுவதற்குக் காரணம், ஃபேசர் வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துகளை வைத்து அளப்பது. டெக்ஸ்ட் ஸ்டைலில் ‘டெஸ்ட்ஸ்ட்ரிங்’ என்ற இடத்தில் ‘கீழூ’ என்று கொடுங்கள். போதாவிட்டால் மேலும் கீழும் 8 பிக்சல் பேடிங் (காலி இடம்). எழுத்துகளைப் படங்களாக வைத்திருக்கும் பிட்மேப் ஃபாண்ட் தமிழுக்கு ஆகாது: ‘கொ’வில் ஒரு குறி எழுத்துக்கு முன்னும் ஒன்று பின்னும் நிற்கவேண்டும், அதற்கு அந்த வசதி தெரியாது. வெப் ஃபாண்ட் பயன்படுத்தினால் அது இறங்கி முடிந்தபிறகே டெக்ஸ்டை உருவாக்குங்கள். கேன்வாஸில் வரைந்தது வரைந்ததுதான், ஃபாண்ட் பிறகு வந்தாலும் தானாக மாறாது.

கேள்வி: வீட்டில் லைவ் சர்வரில் படங்கள் வருகின்றன. இணையத்தில் வெளியிட கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் பாதிப் படங்கள் காணோம்.
(வாசகர், சூரமங்கலம்)

பதில்: பெரும்பாலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல்தான். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், அங்கே எடுக்காது. எல்லாக் கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வையுங்கள். படத்தின் பாதை சாய்கோட்டில் தொடங்கினால் அதையும் எடுத்துவிடுங்கள். அது உங்கள் புராஜெக்ட் ஃபோல்டரை விட்டுவிட்டுத் தளத்தின் வேரில் தேடும்.

கேள்வி: ஹாரன் சத்தம் ஐபோனில் மட்டும் கேட்கவில்லை.
(பள்ளி மாணவர், அம்மாபேட்டை)

பதில்: விரல் படும்வரை பிரவுசர்கள் சத்தத்தை அனுமதிப்பதில்லை. முதல் திரையில் ‘தொடங்கு’ பட்டன் வைத்து, அதைத் தொட்டபிறகு ஒலியை ஆரம்பியுங்கள். அப்படியும் கேட்காவிட்டால் போனின் சைலன்ட் மோடைப் பாருங்கள். அது போடப்பட்டிருந்தால் விளையாட்டின் ஒலியும் அடங்கிவிடும்.