பட்டனைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்: படகு டிரெயிலர் டயர்

கேள்வி: ஐயா, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 2019-இல் 16 அடி ஃபைபர் படகு ஒன்றை டிரெயிலரோடு செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடத்தான். மும்பைக்குக் கடலுக்கு அக்கரையில், மாண்ட்வா பக்கம் ஒரு ஷெட்டில் நிற்கும். மழைக்கு முன்னால் செம்பூருக்குக் கொண்டுவந்து, அக்டோபரில் திரும்பக் கொண்டுபோவோம். இந்த மே மாதம் வரும் வழியில் வட்கல் தாண்டியதும் இடது பக்க டயர் வெடித்துவிட்டது. பட்டன் (சாலையில் படும் பள்ளம் வெட்டிய மேல் ரப்பர்) புதுசு மாதிரி இருந்த டயர். வாங்கியபோது இருந்த அதே டயர்தான், எங்களிடம் அதிகம் ஓடவும் இல்லை. கடைக்காரர், "இன்னொன்று நன்றாகத்தான் இருக்கிறது, வெடித்ததை மட்டும் மாற்றுங்கள், 155/80 ஆர் 13 கார் டயரே சலேகா (போதும்)" என்கிறார். பழைய டயரில் எஸ்.டி. 175/80 ஆர் 13 என்று இருக்கிறது. அவர் சொல்வதைக் கேட்கலாமா? மேற்கொண்டு எப்படிப் பராமரிப்பது?
– செம்பூர் வாசகர்

பதில்: கேட்க வேண்டாம். இரண்டையும் மாற்றுங்கள். கார் டயர் போடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"பட்டன் புதுசு மாதிரி இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். சயானில் முப்பது வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன், டிரெயிலர் டயரோடு வருகிற எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். டாக்ஸி டயர் ஓடித் தேய்ந்து சாகும். டிரெயிலர் டயர் நின்றே சாகும். ரப்பரில் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி நிமிர, அந்த மெழுகு உள்ளிருந்து மேலே கசிந்து வந்து தோலைக் காப்பாற்றும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் டயரில் அது கசியாது. காற்றிலிருக்கும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து பக்கச் சுவரில் முடி மாதிரி வெடிப்பு விடும். தினம் நடக்கிற ஆளுக்கு மூட்டு பிடிக்காது, படுத்தே கிடப்பவருக்குப் பிடிக்கும், அந்தக் கதைதான். பட்டன் மட்டும் அப்படியே ஜம்மென்று இருக்கும்.

அதனால் டயரில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள். 2316 என்றிருந்தால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. 5 வருடம் தாண்டினால் நான் சந்தேகப்படுவேன், 6 தாண்டினால் கழற்றச் சொல்வேன். 10 வருடம் வரை போகலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். வீட்டு நிழலில் நின்று தினமும் ஓடும் காருக்குச் சொன்ன எல்லை அது. உப்புக் காற்றில் நிற்கும் டிரெயிலருக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். உங்கள் டயர் 2019-க்கு முன்னால் செய்தது. ஒன்று வெடித்துவிட்டது, மற்றது இன்னும் வெடிக்கவில்லை. இரண்டுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அந்த நான்கு எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்க்கும் கடைக்காரர் அந்தப் பக்கத்தை உள்பக்கமாக வைத்து மாட்டிக் கொடுத்துவிடுவார். டிரெயிலருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்து எத்தனை பேர் பார்க்கிறார்கள்? ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தேதியைப் படியுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள், மும்பையில் டயர் கடைக்கா பஞ்சம்?

அப்புறம் "எழுபது பர்சென்ட் டயர்" என்று ஒரு வியாபாரம். எங்கோ கழற்றிப் போட்ட டயரின் பட்டனைச் சூடான கத்தியால் ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். வெட்டிய டயரில் பள்ளத்துக்கு அடியில் ரப்பர் மிச்சமிருக்காது, நைலானும் கம்பியும்தான். பாலிஷ் வெடிப்பை மூடிவிடும். பளபளப்பாக இருந்தால் ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, கட்டைவிரலால் பக்கச் சுவரை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு வாயைத் திறக்கும். என் கடைக்கு வந்த ஒருவர், அப்படி வாங்கிய டயரோடு லோனாவாலாவுக்குக் கிளம்பி, ஏறும் வழியிலேயே இரண்டையும் இழந்து திரும்பினார். மிச்சம் பிடித்தது ஆயிரம் ரூபாய், கிரேனுக்குக் கொடுத்தது அதைப் போல் பல மடங்கு. பஸ் லாரிக்குப் போடும் ரீபட்டன் (தேய்ந்த டயரில் புது பட்டன் ஒட்டுவது) வேறு விஷயம், அது முறையான தொழில். உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

சரி, கார் டயர் ஏன் கூடாது? இது எனக்குப் பிடிக்காது என்பதற்காகச் சொல்வதில்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெரியும். எடையை நீங்கள் எழுதவில்லை. 16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைச் சக்தி எஞ்சின், இரண்டு கேன் பெட்ரோல், நங்கூரம், ஐஸ் பெட்டி, டிரெயிலரின் சொந்த எடை எல்லாம் சேர்த்து 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 425. கடைக்காரர் காட்டும் 155/80 ஆர் 13 கார் டயரில் 79 என்று ஓர் எண் இருக்கும். அதற்கு 437 கிலோ என்று பொருள். "பார்த்தீர்களா, 12 கிலோ மிச்சம்" என்பார். கார் டயரை டிரெயிலரில் போட்டால் தாங்கும் எடையைக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைத்துத்தான் எடுக்க வேண்டும். டிரெயிலர் ஆடும், வளைவில் டயரைப் பக்கவாட்டில் இழுக்கும், கார் டயரின் மெல்லிய பக்கச் சுவர் அதற்குச் செய்ததல்ல. 437-ஐ 1.1-ஆல் வகுத்தால் 397. உங்களுக்கு 425 வேண்டும். இதில் சலேகா எங்கிருந்து வந்தது?

உங்கள் பழைய டயரில் இருக்கும் எஸ்.டி. என்பது ஸ்பெஷல் டிரெயிலர், அமெரிக்க முறை. அந்த அளவில் ஆறு பிளை (அடுக்கு) டயர் 50 பி.எஸ்.ஐ. காற்றில் 617 கிலோ தாங்கும். இங்கே கடையில் கேட்டால் முழிப்பார்கள். 2020 ஜூனில் டயர் இறக்குமதியை அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டுவிட்டது, இங்கே விற்கும் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்ளூர் தொழிலைக் காப்பாற்றட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் உள்ளூரில் யாரும் கடையில் வைக்காத பொருளை எங்கே போய் வாங்குவது என்று யோசிக்க ஒரு ஆள்கூடவா இல்லை? இந்தச் சந்தில்தான் ஏஜென்ட் நுழைகிறார். "துபாய் கண்டெய்னரில் வருது சார், அட்வான்ஸ் கொடுங்க" என்பார். பணம் போகும். வந்தால் நான்கு வருடம் கிடந்த டயர் வரும், முத்திரை இருக்காது, நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரருக்குக் காரணம் கிடைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது எல்.டி. டயர். டாடா ஏஸ் மாதிரி சின்ன லோடு வண்டிகளில் ஓடுகிறதே, அந்த வகை. 13 அங்குல ரிம்முக்கு 155 ஆர் 13 எல்.டி. கிடைக்கிறது. சுமை எண் 86 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 86 என்றால் 530 கிலோ, உங்கள் 425-க்கு மேல் நூறு கிலோ தெம்பு. எல்.டி. டயரில் 86/84 என்று இரண்டு எண் இருக்கும், முதல் எண்தான் உங்களுக்கு, இரண்டாவது பின்னால் ஜோடி டயர் போடும் வண்டிக்கு. பழையதைவிட உயரம் கொஞ்சம் குறையும், இரண்டு பக்கமும் ஒன்றாகக் குறைவதால் பாதகமில்லை. வாங்குவதற்கு முன்னால் படகு, பெட்ரோல், ஐஸ் பெட்டி எல்லாவற்றோடும் டிரெயிலரை ஒரு தர்ம காண்டாவில் (லாரி எடை மேடையில்) ஏற்றி எடை போட்டு விடுங்கள். என்னுடைய 850 ஊகம்தான், அந்தச் சீட்டில் வருவதுதான் கணக்கு.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்ற கேள்விக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் எல்லாரும் தங்களுக்குச் சாதகமாக வளைப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மற்ற டயர் ஒரு வருடத்துக்குள் செய்தது, அதே கம்பெனி, அதே அளவு, அதே பிளை, ரேடியலுக்கு ரேடியல். கெட்டுப்போன டயர் ஆணி ஏறியோ கல் கிழித்தோ கெட்டிருக்க வேண்டும், தானாக வெடித்திருக்கக் கூடாது. இத்தனையும் பொருந்தினால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். "ஒரு வருடம்" என்பது வாங்கிய தேதியிலிருந்து இல்லை, செய்த வாரத்திலிருந்து. "ஆணி" என்றால் ஆணியைக் கையில் காட்ட வேண்டும். "ஏதோ குத்தியிருக்கும் சார்" என்பது ஆணி ஆகாது. உங்களுக்கு இது எதுவுமே பொருந்தவில்லை. இரட்டை அச்சு டிரெயிலர் வேறு கதை, இங்கே வேண்டாம்.

மாற்றும்போது வால்வும் புதுசு போடச் சொல்லுங்கள். அதுவும் ரப்பர்தான், அதற்கும் அதே வயதுதான். ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பைப் பாருங்கள். கடல் தண்ணீரில் இறங்கி ஏறிய ரிம்மில் அங்கே துரு செதில் செதிலாக இருக்கும், காற்று அந்த வழியாகக் கசியும். கடைப் பையன் உடனே, "டியூப் போட்டுத் தர்றேண்ணா" என்பான். சம்மதிக்காதீர்கள். டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டால் அந்தத் துருவிலேயே உரசிச் சூடாகும். ஆணி குத்தினால் டியூப்லெஸ் மெல்ல இறங்கும், டியூப் படாரென்று போகும். ரிம்மைக் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். செதில் ஆழமாக இருந்தால் ரிம்மையே மாற்றுங்கள். பில்லில் வீல் அலைன்மென்ட் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் டிரெயிலரில் ஸ்டீயரிங்கே இல்லை, எதை அலைன் பண்ணினார்களாம்?

காற்று. பெட்ரோல் பங்கில் எதைக் கொண்டு நிறுத்தினாலும் 30 அல்லது 32 அடித்து அனுப்புவார்கள். உங்கள் எஸ்.டி. டயருக்கு 50 வேண்டியிருந்தது. 30 அடித்து, முழு லோடோடு மே மாத வெயிலில் வந்திருந்தால், வயதான பக்கச் சுவர் நசுங்கி நசுங்கிச் சூடேறி வெடித்தது என்றுதான் நான் சொல்வேன், சாலையைக் குறை சொல்ல மாட்டேன். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். புது எல்.டி. டயரில் எத்தனை என்று பக்கச் சுவரிலேயே அச்சிட்டிருக்கும், அதைக் காலையில் கிளம்புவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். ரிம் அந்த அளவுக்குத் தாங்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். நைட்ரஜன் என்று ஐம்பதோ நூறோ கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். முதல் பயணத்தில் 80 கிலோமீட்டர் போனதும் வீல் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

டயரோடு பிறந்த வியாதி ஒன்று பேரிங். மும்பைக் கடலில் பௌர்ணமி, அமாவாசை சமயம் தண்ணீர் 4 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். தண்ணீர் வற்றியிருக்கும்போது போனால் சேறு வரை டிரெயிலரை இறக்க வேண்டியிருக்கும், ஏற்றம் பார்த்துப் போங்கள். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பை (பேரிங் உட்காரும் சக்கரக் குடத்தை) அப்படியே கடலில் முக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போய்ச் சேர்ந்ததும் ஹப்பில் கை வையுங்கள். சுட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அரை மணி நேரம் ஆறட்டும். ஏற்றிய பிறகு நல்ல தண்ணீர் விட்டு ரிம், ஹப்பு, அச்சு எல்லாவற்றையும் கழுவுங்கள். சீசனுக்கு ஒருமுறை பேரிங்கைத் திறந்து, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை டிரெயிலர் செம்பூரில் சும்மா நிற்கும் நாட்களில்தான் புது டயரும் கிழடாக ஆரம்பிக்கும். அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள். முடியாவிட்டால் பலகைமேல் நிறுத்தி, மாதம் ஒருமுறை அரைச் சுற்று உருட்டிவிடுங்கள். வெயில் படாமல் சாக்கோ தார்பாயோ போட்டு மூடுங்கள். டயர் மேல் டீசல், பழைய எஞ்சின் ஆயில் தடவினால் ரப்பர் நீடிக்கும் என்று பார்க்கிங்கில் யாராவது யோசனை சொல்வார், ரப்பரை ஊறவைத்துக் கெடுப்பதே அதுதான். ஸ்டெப்னிக்கும் இதே மரியாதை. ஸ்டெப்னி பழைய செட்டாக இருந்தால் அதையும் சேர்த்து மூன்றாக வாங்குங்கள்.

டிரெயிலரின் பேப்பர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெயிலருக்கு வரையறை இருக்கிறது, பதிவும் தேவை. ஆர்.டி.ஓ. கவுன்டரில் போய் "படகு டிரெயிலர்" என்றால் "டிராக்டர் எங்கே?" என்பார்கள். இரண்டு முறை நடந்தபின் வாசலில் நிற்கும் ஆள், "விடுங்க சார், நான் பண்ணித் தர்றேன்" என்பார். செகண்ட் ஹேண்டில் வாங்கியதில் பழைய பெயரிலேயே பேப்பர் கிடந்தால் அந்த ஆளிடம் அசலைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

கழற்றிய பழைய டயர்களைக் கடையில் விட்டு வராதீர்கள். பாலிஷ் அடித்து வேறு யாருக்காவது போய்விடும். பக்கச் சுவரைக் கத்தியால் இரண்டு இடத்தில் கிழித்து மாண்ட்வாவுக்கு எடுத்துப் போங்கள். படகு முட்டாமல் இருக்க படகுத்துறையில் கட்டித் தொங்கவிட யாராவது கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.