போக்கிமானும் டிஜிமானும் ஒரே மாதிரி விளையாட்டுதானா? எது முதலில் வந்தது?

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேர் வேறு. போக்கிமான் 1996-இல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்கான விளையாட்டாகவே பிறந்தது. டிஜிமான் 1997-இல் பாண்டாய் வெளியிட்ட, சின்னத் திரையில் பிராணி வளர்க்கும் கையடக்கமான மின்னணு பொம்மை. வீடியோ கேம் எல்லாம் அப்புறம்தான்.

பெரிய வித்தியாசம் உயிரினங்களின் வளர்ச்சியில் இருக்கிறது. போக்கிமானில் பரிணாமம் ஒருவழிப் பாதை. சார்மாண்டர் என்ற உயிரினம் வளர்ந்து சாரிசார்டானால் ஆனதுதான், திரும்ப முடியாது. 'டிஜிமான் ஸ்டோரி: சைபர் ஸ்லூத்' விளையாட்டிலோ ஒரே உயிரினத்துக்குப் பல கிளைகள். பிடிக்காவிட்டால் பழைய உருவத்துக்கு இறக்கி வேறு பக்கம் திருப்பலாம். அதன் நிலை (லெவல்) மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்தான், ஆனால் அப்படி ஏற்றி இறக்கினால்தான் சில உச்ச உருவங்களே கிடைக்கும். எனக்கு இந்தக் குடைச்சல் வேலை ரொம்பப் பிடிக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு எரிச்சல்தான் வரும்.

நண்பர்களோடு மோத, உயிரினங்களைப் பரிமாற ஆசையா? சந்தேகமே வேண்டாம், போக்கிமான்.

சரி, இரண்டுக்கும் முன்பே 1987-இல் மெகாமி டென்செய் என்ற ஜப்பானிய வீடியோ கேம் வந்துவிட்டது. அதில் போக்கிமான் போலப் பந்தெல்லாம் எறிந்து பிடிப்பதில்லை. பேய்களிடம் பேரம் பேசித்தான் சேர்க்க வேண்டும்.