400 பேர் பந்தியில் ஒரு பிள்ளைக்குக் கச்சான் ஆகாது என்றால்

கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தங்கச்சிக்குக் கல்யாணம், ஹட்டன் டவுனில் மண்டபம் எடுத்தாச்சு, 400 பேர் வருவார்கள். மாப்பிள்ளை வீடு முட்டைகூடத் தொடாத சைவம். அப்பாவின் முஸ்லிம் நண்பர்கள் டவுனிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். கனடாவிலிருந்து வரும் அக்காவின் 6 வயது மகனுக்குக் கச்சான் (வேர்க்கடலை) ஆகாது, ஒருமுறை ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறது. பெரியம்மா இன்சுலின் போடுகிறவர். "கேட்டரிங் ஆள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார், அதை நம்பி விட்டுவிடலாமா, இல்லை ஆளாளுக்குத் தனியாகச் சமைக்கச் சொல்ல வேண்டுமா அண்ணா?" என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் தம்பி. தனித்தனியாகச் சமைக்கப் போனால் சமையலறையே குழம்பிப்போகும், குழப்பத்தில்தான் தவறு நடக்கும். எல்லாரும் சாப்பிடக்கூடிய ஒரே சாப்பாட்டை நன்றாகச் சமையுங்கள், அதற்குள் என்னென்ன போகிறது என்று தெரிந்த ஒருவரைப் பந்தியில் நிறுத்துங்கள். மலையகத்துக் கல்யாணங்களில் 20 வருஷமாகச் சமைக்கிறேன், மெனுவால் வந்த பிரச்சினையைவிட அகப்பையால் வந்த பிரச்சினையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு கல்யாணம், முழுச் சைவம் என்று பேசித்தான் எடுத்தோம். இரண்டாம் பந்தியில் ஒரு அம்மாச்சி சம்பலைத் தொட்டு ஒரு வாய் வைத்தார், விரலை முகர்ந்து பார்த்தார், இலையை மெதுவாக மடித்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கைகழுவப் போய்விட்டார். சம்பலில் மாசிக் கருவாடு. இடித்துப் போட்டது என்னோடு வந்த பையன், அவன் வீட்டில் மாசி இல்லாமல் சம்பலே கிடையாது, மீனும் இறைச்சியும் இல்லையென்றால் அதுதான் சைவம் என்று நினைத்திருக்கிறான். அவனிடம் வாய் திறந்து சொல்லாதது என் தவறு. அன்றிலிருந்து எந்தச் சைவச் சமையலுக்குப் போனாலும் முதல் வேலையாக மாசிப் போத்தலை வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில இடங்களில் பருப்புக் கறியிலும் கீரைச் சுண்டலிலும்கூட மாசி விழும். மரக்கறி ஃப்ரைட் ரைஸில் ருசிக்கு என்று சிக்கன் கியூப் போடுகிறவர்கள் உண்டு. வட்டிலப்பம், கேக், சாலட்டில் ஊற்றும் மயோனைஸ் மூன்றிலும் முட்டை. ஜெலி புடிங்கில் ஜெலட்டின் இருந்தால் சைவக்காரருக்கும் ஆகாது, அது ஹலால் இல்லையென்றால் முஸ்லிம் வீட்டாரும் தொடமாட்டார்கள். மீன் கட்லட் பொரித்த எண்ணெயிலேயே வடையையும் போடுவது இன்னொன்று.

பகல் சாப்பாடு முழுச் சைவமாக இருந்தால் முஸ்லிம் நண்பர்களுக்கும் சங்கடமில்லை, வாடகைப் பாத்திரத்தில் முன்பு பன்றி இறைச்சி சமைத்தார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு வரவேற்பில் கோழி வைப்பதென்றால் மொத்தக் கோழியையும் ஹலால் கடையிலேயே வாங்குங்கள். அவர்களுக்கு மட்டும் தனிச் சட்டி வைத்துப் பிறகு எது யாருடையது என்று தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். மாடும் பன்றியும் வேண்டவே வேண்டாம். எந்தக் கடையில் வாங்கினது என்று அப்பாவே அவர்களிடம் நேரில் சொல்லட்டும், கேட்கக் கூச்சப்பட்டு வெறும் சோற்றோடு எழும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தப் பிள்ளை. சைவக்காரர் தவறிச் சாப்பிட்டால் மனசு நோகும், அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்குத் தவறினால் உயிர். அதனால் கச்சானை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். மேசையில் வைக்கும் மிக்ஸர், கச்சான் அல்வா, சட்னியில் அரைக்கும் கச்சான், கடலை எண்ணெய் எல்லாம் இதில் அடங்கும். பொரிக்கத் தேங்காய் எண்ணெய் போதும். வறுத்தாலும் வேகவைத்தாலும் கச்சானின் அலர்ஜி போகாது, தொட்ட கையைத் துடைக்கும் ஜெல்லும் அதை எடுக்காது, சோப்பும் தண்ணீரும்தான் எடுக்கும். கஜு (முந்திரி) வேறு இனம், ஆனாலும் சில பிள்ளைகளுக்கு இரண்டும் ஆகாது, எள்ளும் அப்படித்தான், ஆகவே குருமாவில் கஜு அரைக்கலாமா, நல்லெண்ணெய் ஊற்றலாமா என்று இன்றே அக்காவுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கள்.

பிள்ளையின் சாப்பாட்டை முதல் ஈட்டிலேயே, கழுவிய சட்டியில், வேறு எதையும் தொடாத அகப்பையால் எடுத்து மூடி, பெயர் எழுதி வையுங்கள். ஹட்டன் குளிரில் அது சீக்கிரம் ஆறிப்போகும். ஆறின சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைப்பது இன்னொரு ஆபத்து, 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், சூடில்லாமல் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நல்ல ஹொட்பொக்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

அடுத்தது பாட்டிமாரும் மாமிமாரும். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை என்று ஆளுக்கொரு லட்டு ஊட்டுவார்கள், அன்பில்தான் செய்கிறார்கள். "கொஞ்சம் கொடுத்தால் பழகிடும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அட்ரினலின் ஊசி எந்தப் பையில் இருக்கிறது என்று அக்காவைத் தவிர இன்னும் இருவருக்குத் தெரிய வேண்டும். மூச்சு இளைத்தால், உதடும் நாக்கும் வீங்கினால், ஊசியைத் தொடையின் வெளிப்பக்கம் போட்டுவிட்டு உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பெரியம்மாவுக்குச் சிவப்பரிசிச் சோறும் சீனி போடாத பிளேன்டீயும் வைப்பது நல்லதுதான், ஆனால் அவருக்கு முக்கியம் நேரம். சீனி வருத்தத்துக்குச் சாப்பாட்டு இன்சுலின் போடுகிறவர் 12 மணிக்குச் சாப்பாடு என்று நம்பி ஊசியைப் போட்டுக்கொள்வார், முகூர்த்தம், போட்டோ, மொய் என்று பந்தி 2 மணிக்குப் போகும். அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்தால், கை நடுங்கினால், பேச்சு தடுமாறினால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம். விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்துப் பாருங்கள், தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். இந்த நிலைக்கே போகாமல், தாலி கட்டினதும் முதல் இலையை அவருக்குப் போட்டுவிடுங்கள், ஊசியையும் இலை முன்னால் வந்த பிறகே போடச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு முதல் பந்தி என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் சொன்ன நாலு பேரைத் தவிர இன்னும் இருப்பார்கள். கோதுமை ஆகாதவர் ஒருவர் வந்தால் இடியப்பத்தில் கோதுமை மா கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா இருக்கலாம். கார்த்திகையில் கல்யாணம் என்றால் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் வருவார்கள். இதெல்லாம் கேட்டால்தான் தெரியும், ஆனால் "சாப்பாட்டில் என்ன வேண்டும்?" என்று கேட்டால் நம் ஆட்கள் "எதுவென்றாலும் சாப்பிடுவோம்" என்றுதான் சொல்வார்கள், அது மரியாதை. பத்திரிகை கொடுக்கப் போகும்போது வீட்டு அம்மாவிடம் "உங்க வீட்டில் யாருக்காவது எதுவும் ஒத்துக்காதா?" என்று கேளுங்கள், சட்டென்று பதில் வரும்.

வருகிற பதில்களை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள், உதவிக்கு வருகிறவர் எந்த மொழி வாசிப்பார் என்று தெரியாது. பந்தியில் நிற்க உங்கள் சித்தப்பா மகன் மாதிரி ஒருவரைப் பிடியுங்கள், போட்டோவுக்கு ஓடாதவராக இருக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த கிழமை கேட்டரிங் ஆளைப் பார்க்கும்போது "எல்லாம் சரிதானே" என்று கேட்காதீர்கள். சம்பல் யார் அரைப்பது, அதில் என்ன போடுவீர்கள், வடை எந்த எண்ணெயில், அகப்பை எத்தனை கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தார் என்றால் அட்வான்ஸ் கொடுக்க முன்னால் இன்னொருவரையும் பாருங்கள்.