தோளில் பாய்மரம்

கேள்வி: ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலில் வரும் சாந்தியாகோவை இயேசுவின் சாயல் என்கிறார்களே, ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. சுறாக்களைக் கண்டதும் கிழவன் ‘ஆய்’ என்கிறான். ஆணி உள்ளங்கையைத் துளைத்து மரத்தில் இறங்கும்போது தன்னையறியாமல் எழக்கூடிய ஒலி அது என்கிறது நாவல். இதைவிட வெளிப்படையாக எழுத முடியாது! தூண்டில் கயிற்றால் அறுபட்ட கைகள், பாய்மரம் சுமந்து மேடேறுகையில் விழுவது, குடிசையை அடையுமுன் ஐந்து முறை உட்காருவது எல்லாம் இயேசு சிலுவை சுமந்து நடந்த சிலுவைப் பாதைதான். பெயரும் இயேசுவின் மீனவச் சீடர் யாக்கோபுடையது; ஸ்பானிய மொழியில் சாந்தியாகோ என்றால் புனித யாக்கோபு.

ஆனால் சிலுவையில் அறையப்பட்டவர்போலக் கைகளை நீட்டி, உள்ளங்கை மேல்நோக்கி இருந்தாலும், அவன் படுப்பது குப்புற. பக்தியில்லை என்று சொல்லிக்கொண்டேதான் மீன் கிடைக்கப் பத்துப் பரலோக மந்திரம் (இயேசு கற்பித்த ஜெபம்) சொல்வதாக நேர்ந்துகொள்கிறான். அச்சு அசலாகப் பொருத்தினால் இடறும். ஹெமிங்வேயோ 1952இல் ஒரு கடிதத்தில், குறியீடே இல்லை, கடல் கடல்தான் என்று கைகழுவிவிட்டார்.