ரத்த அழுத்தத்துக்காக வந்தவரிடம் பரம்பரைச் சிறுநீரக நோயைப் பற்றி எப்படிப் பேசுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 34 வயதுக்காரர், ஓராண்டாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல், ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள், அப்பா டயாலிசிஸில் இருந்தவர். பெற்றோரிடமிருந்து வரும் பாலிசிஸ்டிக் சிறுநீரக நோய் (ஏடிபிகேடி) என்றுதான் இது தோன்றுகிறது.

பிரஷரிலிருந்தே தொடங்குங்கள். அது அவருக்குப் பழகிய விஷயம். "இந்த வயசுலயே உங்களுக்கு ஏன் பிரஷர் வந்துச்சுன்னு இப்ப காரணம் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். இதுவரை டென்ஷனையும் தன் பழக்கங்களையும் நொந்துகொண்டிருந்தவருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அடுத்து, 'கட்டி' என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். காதில் விழுந்ததுமே புற்றுநோய் என்றுதான் நினைப்பார், அதன்பின் நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது. ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டி, "இந்தக் கறுப்பு வட்டமெல்லாம் தண்ணி நிரம்பின சின்னச் சின்னப் பை, இது கேன்சர் இல்ல" என்று சொல்லுங்கள். பைகள் பெருக்கப் பெருக்கப் பக்கத்து ரத்தக் குழாய்களை நெருக்கும். ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் ரெனின் என்ற, பிரஷரை ஏற்றிவிடும் பொருளைச் சுரக்கும், பிரஷர் ஏறும். கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்துவிடும். பழுதில்லாத பகுதி கூடுதலாக உழைத்து ஈடுகட்டுவதால்தான் ரிப்போர்ட் நார்மல். இதை விளக்காவிட்டால் 'நார்மல்' என்ற ஒற்றைச் சொல்லோடு மாத்திரையை நிறுத்திவிடுவார்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் உறுதி என்றால், 15 முதல் 39 வயது வரை ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து 3 பைகள் இருந்தாலே நோயை உறுதிசெய்யப் போதும். 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் 2 வேண்டும். அப்பாவின் டயாலிசிஸுக்குக் காரணம் இதுதானா என்று முதலில் கேட்டுவிடுங்கள். சர்க்கரை நோயாகவும் இருக்கலாம்.

மருந்தில் ராமிப்ரில் அல்லது லோசார்டன் வகைதான் முதல் தேர்வு, ஏனென்றால் சிக்கல் ரெனின் வழியாகவே வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். தொடங்கி இரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் பாருங்கள். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பதறி நிறுத்த வேண்டியதில்லை. நோயாளி பெண்ணாக இருந்தால், கருத்தரிக்கும் திட்டம் உண்டா என்று கேட்காமல் இவற்றை எழுதவே கூடாது.

50 வயதுக்குள், சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்களுக்கு வீட்டு அளவீட்டில் 110/75 வரை இறக்குவது நல்லது. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் இலக்கைத் தளர்த்துங்கள். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதிவரச் சொல்லுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கிப் போடவே கூடாது.

பரம்பரைப் பேச்சில்தான் தப்பான கணக்குகள் அதிகம். "ரெண்டு பிள்ளையில ஒருத்தருக்கு வரும்" என்பது தவறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக 50 சதவீத வாய்ப்பு. இரண்டு பேருக்கும் வரலாம், யாருக்குமே வராமலும் போகலாம். ஆண், பெண் பேதமில்லை. மரபணுப் பிழை வராத பிள்ளையிடமிருந்து பேரனுக்குத் தாண்டிப் போகாது. சிறு பிள்ளைகளை உடனே ஸ்கேனுக்கு இழுத்து வர வேண்டாம், ஆண்டுக்கொரு முறை பிரஷர் பார்த்தால் போதும். கூடப்பிறந்தவர்களிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

"எனக்கும் டயாலிசிஸா?" என்று கட்டாயம் கேட்பார். எல்லோருக்கும் அந்த நிலை வருவதில்லை. இந்நோய் பெரும்பாலும் பிகேடி1, பிகேடி2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பிழையால் வருகிறது. பிகேடி2 பிழை உள்ளவர்களுக்கு, பிகேடி1 உள்ளவர்களைவிட நோய் மெதுவாகவே நகரும். சிறுநீரகத்தின் மொத்தக் கன அளவை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் வேகத்தைக் கணிக்கலாம். வேகமாகப் போனால், நோயின் வேகத்தைக் குறைக்கும் டோல்வாப்டான் மாத்திரை பற்றி யோசிக்கலாம். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் லிட்டர் கணக்கில் போகும், கல்லீரல் பரிசோதனையும் தவறாமல் வேண்டும்.

இதையெல்லாம் ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதல் நாளில் நோயின் பெயர், மாத்திரை, பிரஷர் நோட்டு மட்டும். ஒன்றை மட்டும் அன்றே கேளுங்கள்: குடும்பத்தில் யாருக்காவது மூளையில் ரத்தக் கசிவு வந்ததா? இந்நோய் உள்ள சிலருக்கு மூளை ரத்தக் குழாய் வீங்கி வெடிக்கலாம், அதனால் ஆம் என்றால் மூளை ரத்தக் குழாய் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். மீதியை இரண்டு வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனை முடிவோடு வரும்போது பேசலாம். விருப்பமிருந்தால் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.